உதவிப்பணம் குறையுமா? வலது குறைந்தோரின் அச்சத்துக்கான காரணங்கள்

வலது குறைந்த ஒருவர் இருக்கும் வீட்டில் மாதந்தோறும் வரும் உதவிப்பணம் எவ்வளவு பெரிய தாங்குதல் என்பதை எமது வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வயலையும் தோட்டத்தையும் விட்டு இடம்பெயர்ந்த குடும்பங்களில் சிலவேளை அதுவே நிச்சயமான ஒரே வருமானம். கூலி வேலை இன்று இருக்கும், நாளை இருக்காது. மழை பொய்க்கும். உதவிப்பணமோ குறித்த காலத்தில் வரும் என்ற நம்பிக்கை இருந்தது. அண்மைய ஆண்டுகளில் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டிருக்கிறது. "எங்கள் பெயரை வெட்டிவிடுவார்களோ?" என்ற கேள்வி பல குடும்பங்களில் எழுகிறது. இந்த அச்சம் எங்கிருந்து வருகிறது, அதில் எவ்வளவு நியாயம் உண்டு, நாம் என்ன செய்யலாம் என்பவற்றை இக்கட்டுரையில் பார்ப்போம்.

புதிய திட்டம் வந்த விதம்

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் இலங்கை அரசு சர்வதேச நாணய நிதியத்தை நாடியது. 2023 மார்ச் 20ஆம் திகதி ஏறத்தாழ 300 கோடி அமெரிக்க டொலர் கடனுதவிக்கு நிதியம் அனுமதி வழங்கியது. சமூக உதவிக்கான செலவு ஒரு குறித்த அளவுக்குக் கீழே போகக்கூடாது என்ற நிபந்தனை அதில் இருந்தது. அந்த உதவி "உண்மையாகவே தேவையுள்ளோருக்கு" மாத்திரம் சேரவேண்டும் என்ற சீர்திருத்தமும் அதனோடு வந்தது. 1995இல் ஆரம்பித்த சமுர்த்தி உதவிக்குப் பதிலாக 2023 ஜூலை 1ஆம் திகதி முதல் அஸ்வெசும திட்டம் நடைமுறைக்கு வந்தது. இதற்குச் சட்ட அடிப்படையாக இருப்பது 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டம்.

இத்திட்டத்தில் குடும்பங்கள் நான்கு வகையாகப் பிரிக்கப்பட்டன. ஆரம்பத்தில் நிலைமாறும் குடும்பங்களுக்கு மாதம் 2,500 ரூபாவும், பாதிக்கப்படக்கூடிய குடும்பங்களுக்கு 5,000 ரூபாவும், வறிய குடும்பங்களுக்கு 8,500 ரூபாவும், மிகவும் வறிய குடும்பங்களுக்கு அதிகபட்சம் 15,000 ரூபாவும் என்று தீர்மானிக்கப்பட்டது. வலது குறைந்தோர், சிறுநீரக நோயாளர், முதியோர் ஆகியோருக்குரிய கொடுப்பனவுகளும் இதே திட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டன. அப்போது வலது குறைந்தோருக்கான தொகை 5,000 ரூபா. 72,000 பேருக்கு அதனை வழங்குவதாகக் கணக்கிடப்பட்டது.

இந்த எண்ணிக்கையை இன்னோர் எண்ணிக்கையோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி, 5 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் 16 இலட்சத்துக்கும் அதிகமானோர் பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவில் வைத்தல், தம்மைத் தாமே கவனித்தல், பிறரோடு தொடர்புகொள்ளல் ஆகியவற்றில் ஏதோவொரு சிரமத்தோடு வாழ்ந்தனர். இவர்கள் எல்லோருக்கும் உதவிப்பணம் தேவைப்படாது என்பது உண்மையே. ஆயினும் 16 இலட்சத்துக்கும் 72,000க்கும் இடையிலுள்ள தூரம் மிகப் பெரிது. வெளியே நிற்போர் உள்ளே வரமுடியுமா என்று ஏங்குகின்றனர். உள்ளே இருப்போர் வெளியே தள்ளப்படுவோமா என்று அஞ்சுகின்றனர்.

வெட்டு மூன்று வழிகளில் வரும்

உதவிப்பணம் வெட்டப்படுவது என்றால் தொகையைக் குறைப்பது என்றே பலரும் நினைக்கின்றனர். உண்மையில் வெட்டுக்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, தொகையை நேரடியாகக் குறைப்பது. இது எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

இரண்டாவது, தொகையைத் தொடாமல் விலைவாசியை ஏறவிடுவது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஒரு வருடத்துக்கு முன் இருந்ததைவிட ஏறக்குறைய 70 சதவீதம் உயர்ந்திருந்தது. உணவு விலை ஏறக்குறைய 95 சதவீதம் உயர்ந்திருந்தது. வலது குறைந்தோருக்கென நிர்ணயிக்கப்பட்டிருந்த தொகையோ அதே 5,000 ரூபா. 70 சதவீத விலையேற்றத்தின் பின்னர் அந்தப் பணத்தால் முன்னர் 3,000 ரூபாவுக்கு வாங்கிய பொருட்களைக்கூட முழுமையாக வாங்க முடியாது. எவரும் கையொப்பமிட்டு வெட்டவில்லை. ஆனாலும் வெட்டு நடந்துவிட்டது. பின்னர் 2024இல் இத்தொகை 7,500 ரூபாவாகவும் 2025 ஏப்ரலில் 10,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. இதனை வரவேற்க வேண்டும். ஆனால் விலை ஏறும்போது தொகையும் தானாகவே ஏறும் என்ற ஏற்பாடு இருந்தால் ஒவ்வொரு வரவுசெலவுத் திட்டத்தையும் எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டிய நிலை வராது.

மூன்றாவது, பட்டியலைச் சுருக்குவது. தொகை அப்படியே இருக்கும், பெயர் இருக்காது. வலது குறைந்தோர் பெரிதும் அஞ்சுவது இதற்குத்தான்.

வீட்டை அளக்கிறார்கள், ஆளை அளக்கிறார்களா?

அஸ்வெசும திட்டத்தில் குடும்பத்தின் வறுமை 22 குறிகாட்டிகளைக் கொண்டு அளவிடப்படுகிறது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, உடைமைகள், வீட்டின் நிலை, குடும்ப அமைப்பு என்ற ஆறு பிரிவுகளில் அவை அடங்கும். வீட்டில் வலது குறைந்தவரோ நாட்பட்ட நோயாளியோ இருக்கிறாரா என்பதும் கவனிக்கப்படுகிறது. ஆயினும் அது பல புள்ளிகளில் ஒன்றாகவே அமைகிறது.

இங்கேதான் சிக்கல் இருக்கிறது. இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் சீமெந்து நிலம், இரண்டிலும் மின்சாரம், இரண்டிலும் ஒரே வருமானம். ஒரு வீட்டில் எல்லோரும் திடகாத்திரமானவர்கள். மற்ற வீட்டில் ஒருவருக்கு முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே இயக்கமில்லை. அவருக்கு மருந்து வேண்டும், படுக்கைப்புண் வராமல் இருக்க மெத்தை வேண்டும், மாதாந்தக் கிளினிக்குக்கு ஓட்டோ பிடிக்கவேண்டும். பஸ்ஸில் போகமுடியாது. அவரைப் பார்த்துக்கொள்ள மனைவியோ தாயோ வீட்டில் நிற்கவேண்டும். அவருடைய நாட்கூலியும் போய்விடும். செயற்கைக் கால் போட்டவருக்கும் இதே கதைதான்: சில வருடங்களில் கால் தேயும், புதிதாகப் பொருத்தவேண்டும். இந்தச் செலவுகள் சுவரிலோ கூரையிலோ தெரிவதில்லை. இரண்டு வீடுகளும் ஒன்றுபோல் தெரிந்தாலும் இரண்டாவது வீடு அதிக வறுமையில் இருக்கிறது.

இடம்பெயர்ந்தோருக்கு வேறொரு கவலையும் உண்டு. உறுதியில் பெயர் இருக்கும். காணி கையில் இராது. போய்ப் பயிர் செய்யமுடியாத காணியும் உடைமையாக எழுதப்படுமோ என்று அவர்கள் அஞ்சுகின்றனர். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த கல்வீடு, "வசதியான குடும்பம்" என்ற பெயரைத் தந்துவிடுமோ என்று கேட்போரும் உளர்.

கால எல்லையும் ஓர் அச்சமே. வறிய, மிகவும் வறிய குடும்பங்களுக்கான கொடுப்பனவுகள் 3 வருட காலத்துக்கென்றே அறிவிக்கப்பட்டன. மற்ற இரு வகைகளுக்கும் அதைவிடக் குறுகிய காலமே குறிக்கப்பட்டுப் பின்னர் நீடிக்கப்பட்டது. தொழில் கிடைத்தால் ஒரு குடும்பம் சில வருடங்களில் தலைநிமிரக்கூடும். ஆனால் இழந்த கால் மூன்று வருடத்தில் முளைப்பதில்லை.

2023 ஜூனில் பெயர்ப்பட்டியல் வெளிவந்தபோது நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 9 இலட்சத்துக்கும் அதிகமான மேன்முறையீடுகள் குவிந்தன. மக்களின் அச்சம் வெறும் கற்பனையல்ல என்பதற்கு இதுவே சான்று.

பிரித்தானியாவில் நடந்தது

இந்த அச்சம் எமது நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. செல்வந்த நாடான பிரித்தானியாவில் வலது குறைந்தோரின் மேலதிகச் செலவுக்கென்றே தனியான கொடுப்பனவு ஒன்று உண்டு. அதற்கு வருமானம் பார்க்கப்படுவதில்லை. உண்ணல், கழுவல், உடுத்தல் போன்ற அன்றாட வேலைகளில் ஒருவருக்குள்ள சிரமத்துக்குப் புள்ளி இடப்படும். அன்றாட வாழ்வுக்குரிய பகுதியில் மொத்தம் 8 புள்ளி சேர்ந்தால் பணம் கிடைக்கும்.

2025 மார்ச் 18ஆம் திகதி அந்நாட்டு அரசு ஒரு மாற்றத்தை முன்வைத்தது. ஏதாவது ஒரு வேலையிலேனும் 4 புள்ளி பெற்றிருக்க வேண்டும் என்பதே அது. இடுப்புக்குக் கீழே கழுவ உதவி தேவைப்படுபவருக்கு 2 புள்ளியே உண்டு. இப்படி நான்கு வேலைகளில் இரண்டிரண்டாக 8 புள்ளி சேர்த்தவர், புதிய விதியின்படி ஒன்றும் பெறமாட்டார். முன்வைத்த வெட்டுகள் யாவும் சேர்ந்து, குழந்தைகள் உட்பட 250,000 பேரை வறுமைக்குள் தள்ளும் என்று அரசின் சொந்த மதிப்பீடே கூறியது.

வலது குறைந்தோர் வாளாவிருக்கவில்லை. ஊர்வலம் போயினர், தத்தம் பாராளுமன்ற உறுப்பினர்களுக்குத் தமது வாழ்க்கையை எழுதி அனுப்பினர். ஆளும் கட்சியின் நூற்றுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் எதிர்த்து நின்றனர். 2025 ஜூலை 1ஆம் திகதி அரசு அந்த 4 புள்ளி விதியைக் கைவிட்டு, வலது குறைந்தோரையும் சேர்த்துக்கொண்டு மீளாய்வு செய்வதாக வாக்களித்தது. முழு வெற்றி கிடைக்கவில்லை. நோயால் வேலை செய்யமுடியாதோருக்கான வேறொரு கொடுப்பனவை, 2026 ஏப்ரலிலிருந்து புதிதாக விண்ணப்பிக்கும் பெரும்பாலானோருக்கு வாரம் ஏறத்தாழ 97 பவுணிலிருந்து 50 பவுணாகக் குறைக்கும் பகுதி சட்டமானது. எனினும் படிவத்தில் உள்ள ஒரு கேள்வியும் ஒரு புள்ளியும் ஒருவரின் வாழ்வைத் தீர்மானிக்கும் என்பதையும், பாதிக்கப்படுவோர் வாய்திறந்தால் அந்தக் கேள்வி மாறக்கூடும் என்பதையும் அங்கே கண்டோம்.

நாம் செய்யக்கூடியவை

கொழும்பில் எடுக்கப்படும் முடிவுகளைத் தனியொரு குடும்பத்தால் மாற்றமுடியாது. ஆனால் தன் பெயரைக் காத்துக்கொள்ளப் பல காரியங்களைச் செய்யலாம்.

மருத்துவச் சான்றிதழ், கிளினிக் அட்டை, அடையாள அட்டை ஆகியவற்றின் பிரதிகளை ஓர் உறையில் இட்டு நனையாமல் வையுங்கள். இடம்பெயர்வில் ஆவணங்களை இழந்தவர்கள் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் இப்போதே பேசுங்கள். பட்டியல் வெளிவரும் நாளில் ஓடித்திரிவது கடினம்.

வலது குறைவினால் ஏற்படும் மேலதிகச் செலவை மாதந்தோறும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். மருந்து, ஓட்டோ, பராமரிப்பவர் இழந்த கூலி எல்லாம் அதில் வரட்டும். தகவல் சேகரிக்க வரும் உத்தியோகத்தரிடமும் மேன்முறையீட்டிலும் அதைக் காட்டலாம். "கஷ்டம்" என்று ஒரு சொல்லில் சொல்வதைவிட, "மாதம் இத்தனை ரூபா" என்று சொல்வது எடுபடும்.

பெயர் நீக்கப்பட்டால், குறித்த திகதிக்குள் மேன்முறையீடு செய்து, திகதியிட்ட பற்றுச்சீட்டைப் பெறுங்கள். நீக்கிய காரணத்தைக் கேட்கவும் உங்களுக்கு உரிமையுண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் கேளுங்கள். எழுத முடியாதவர் வாயால் கேட்டாலும் அவர் அதை எழுதிக்கொள்ளவேண்டும் என்று அச்சட்டம் சொல்கிறது.

நடக்க முடியாதவர்களுக்காக அயலவர் ஒருவர் அலுவலகத்துக்கும் வங்கிக்கும் கூடச்செல்லலாம். கமக்காரர் அமைப்புகளும் மாதர் சங்கங்களும் தமது கிராமத்தில் பெயர் விடுபட்ட வலது குறைந்தோரைப் பட்டியலிட்டு, எல்லோர் சார்பிலும் ஒரே மனுவாகக் கொடுக்கலாம். நூறு குடும்பங்கள் சேர்ந்து கொடுக்கும் மனுவை மேசைக்கு அடியில் வைத்துவிடுவது எளிதல்ல.

இது பிச்சை கேட்பதல்ல. வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்க 1996இலேயே இந்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. வலது குறைந்தோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தையும் 2016இல் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. போதுமான வாழ்க்கைத் தரமும் சமூகப் பாதுகாப்பும் அவர்களின் உரிமை என்று அதன் 28ஆம் உறுப்புரை கூறுகிறது. வறுமையில் வாழ்வோரின் வலது குறைவு சார்ந்த செலவுக்கு அரசு உதவவேண்டும் என்றும் சொல்கிறது. வீட்டை அளக்கும் அளவுகோலோடு ஆளின் தேவையை அளக்கும் அளவுகோலும் வேண்டும் என்று நாம் கேட்பது இந்த வாக்குறுதியை நிறைவேற்றும்படிதான். அந்த அளவுகோலை ஆக்கும் மேசையில் வலது குறைந்தோருக்கும் ஓர் இருக்கை வேண்டும்.