மூச்சும் உழைப்பும் – 7: ஒரு ஞாயிறு போதாது

இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறியதுமே தலை சாய்கிறவரை யாரும் நோயாளியாகப் பார்ப்பதில்லை. வடக்குப்பட்டு, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் அசதி வேலையோடு சேர்ந்தே வருவது. மாதக்கணக்கில் நீடித்தால் ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை என்று பரிசோதிப்பார்கள். எல்லாம் சரியாக இருந்தால் சத்து மாத்திரையோடு வீடு திரும்ப வேண்டியதுதான்.

ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, கொஞ்சம் உழைத்தாலும் மறுநாள் ஆளைப் படுக்கையில் தள்ளும் நாள்பட்ட சோர்வு நோய் என்றே ஒன்று உண்டு. அந்தப் பெயர் ஒருமுறை சீட்டில் ஏறிவிட்டால், மாடிப்படியில் மூச்சு வாங்குவதும் விடியற்காலை இருமலில் விழிப்பதும் அதன் கணக்கிலேயே போய்விடுகின்றன. ஆஸ்துமா என்றால் ‘வீசிங்’ கேட்க வேண்டும், சிறுவயதிலேயே வந்திருக்க வேண்டும் என்ற நம்பிக்கை வேறு. இரண்டும் தவறு. வறட்டு இருமலாக மட்டுமே வரும் ஆஸ்துமா உண்டு. நாற்பது வயதில் வருவதும் உண்டு. ராத்திரியில் தூக்கத்தைக் கெடுத்து, பகலில் ஆளை ஓய்த்துவிடும். ஒரே உடம்பில் இரண்டு நோயும் இருக்கலாம் என்பதைத்தான் பலரும் யோசிப்பதில்லை.

வேலையிடத்தையும் பார்க்க வேண்டும். வண்டிகளுக்கு அடிக்கும் பல பெயின்ட்களில் கலக்கும் ஹார்டனரில் ஆஸ்துமாவைக் கிளப்பும் ஐசோசயனேட் இருக்கிறது. சீட் ஃபோம் தயாரிப்பிலும் அதுவே. சால்டரிங்கில் எழும் ரோசின் புகை இன்னொன்று. இவை முதல் நாளே காட்டிக்கொடுப்பதில்லை. மாதங்களோ வருடங்களோ கழித்து உடம்பு ஒத்துக்கொள்ளாமல் போகும். அதன்பிறகு துளி போதும்.

பிரிட்டனில் டாக்டர் ஷெர்வுட் பர்ஜும் குழுவினரும் 1979இல் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியம். ரோசின் புகையில் வேலை பார்த்த எலக்ட்ரானிக்ஸ் தொழிலாளர்களிடம் கையடக்க ஊதுகருவியைக் கொடுத்து, நாள் முழுக்கப் பலமுறை ஊதி அளவைக் குறிக்கச் சொன்னார்கள். சிலருக்கு வேலை முடிந்த மாலையே மூச்சு தேறியது. சிலருக்குத் தேறவே சில நாட்கள் பிடித்தன. வார விடுமுறை போதவில்லை. வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே ஓய்வுள்ள நம் தொழிலாளியிடம் “லீவில் நல்லா இருக்கா?” என்று கேட்டால் “இல்லை” என்றுதான் வரும். பொங்கலுக்கு ஊருக்குப் போன வாரத்தில் எப்படி இருந்தது என்று கேட்க வேண்டும்.

நோயை உறுதிசெய்ய ஸ்பைரோமெட்ரி இருக்கிறது. ஒருமுறை ஊதி, இன்ஹேலர் எடுத்து, சிறிது நேரம் கழித்து மறுபடி ஊத வேண்டும். முதல் விநாடியில் வெளியேறும் காற்று 12 சதவீதமும், குறைந்தது 200 மி.லி.யும் கூடினால் ஆஸ்துமா என்ற சந்தேகம் வலுக்கும். ஒருமுறை சரியாக இருந்ததாலேயே நோய் இல்லை என்றாகாது.

வேலையால் வரும் ஆஸ்துமாவை 1948ஆம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே தொழில்நோயாகச் சேர்த்திருந்தார்கள். ஆகவே ஈ.எஸ்.ஐ. டாக்டரிடம் போகிறவர்கள் இருமலை மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். எந்த டிபார்ட்மென்ட், என்ன பெயின்ட், என்ன புகை, எத்தனை வருடம் என்பதையும் சொல்லுங்கள். அதைச் சீட்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.