3500 கலோரி விதி

3500 கலோரி விதி என்பது, உட்கொள்ளும் ஆற்றலில் 3500 கிலோகலோரி குறைந்தால் உடல் எடை ஒரு பவுண்டு (ஏறத்தாழ 0.45 கிலோகிராம்) குறையும் எனக் கூறும் தோராயக் கணக்கு ஆகும். இவ்விதி நீண்டகால எடை இழப்பை மிகைப்படுத்திக் காட்டுகிறது.

தோற்றம்

அமெரிக்க மருத்துவர் மாக்சு விசுனாப்சுக்கி 1958 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இக்கணக்கிற்கு அடிப்படையாகும். ஒரு பவுண்டு கொழுப்பு இழையத்தில் ஏறத்தாழ இவ்வளவு ஆற்றல் சேமிக்கப்பட்டுள்ளது.

குறைபாடுகள்

உணவைக் குறைத்த முதல் சில நாட்களில் உடலில் சேமிக்கப்பட்டுள்ள கிளைக்கோசன் செலவாகிறது. ஒரு கிராம் கிளைக்கோசனுடன் ஏறத்தாழ மூன்று கிராம் நீரும் வெளியேறுவதால் எடை விரைவாகக் குறைகிறது. இவ்விழப்பு முழுவதும் கொழுப்பன்று. பின்னர், எடை குறைந்த உடலுக்குத் தேவைப்படும் ஆற்றலும் குறைவதால், அதே உணவு முறையில் இழப்பின் வேகம் படிப்படியாகத் தணிகிறது. இம்மாற்றத்தை விதி கணக்கில் கொள்வதில்லை.

திருத்தப்பட்ட கணிப்பு

அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹால் குழுவினர் 2011 இல் லான்செட் இதழில் ஒரு கணித மாதிரியை வெளியிட்டனர். அதன்படி, மிகை எடையுள்ள சராசரி மனிதர் நாளொன்றுக்கு 10 கிலோகலோரியை நிலையாகக் குறைத்தால், இறுதியில் ஒரு பவுண்டு எடை குறையும். அதில் பாதியளவை எட்ட ஓராண்டும், 95 விழுக்காட்டை எட்ட மூன்றாண்டுகளும் ஆகும்.

எடுத்துக்காட்டாக, நாள்தோறும் 500 கிலோகலோரி குறைப்பவருக்கு முதலாண்டில் பழைய விதி ஏறத்தாழ 24 கிலோகிராம் இழப்பைக் காட்டும். புதிய கணிப்பு ஏறத்தாழ 11 கிலோகிராமையே காட்டும். எனவே வேகம் தணிவது உடலின் இயல்பே. அதை மட்டும் கொண்டு முயற்சி தோற்றதாகக் கருத இயலாது.