காணி அறிவித்தலைக் கண்டீர்களா?

வத்தளையில் எங்கள் ஒழுங்கையில் ஞாயிறு வீரகேசரி ஒன்றை மூன்று வீட்டுக்காரர் மாறி மாறி வாசிப்போம். மரண அறிவித்தல்தான் முதலில், அரசியல் பிறகு. தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக் காலத்தில், யாழ்ப்பாணத்தில் ‘உதயன்’ கொப்பித் தாளில்கூட அச்சாகி வந்தது. அதையும் விடவில்லை.

2022 நெருக்கடியில் அச்சுத்தாள் தட்டுப்பாடு வந்து பத்திரிகை விலை ஏறியது. வாங்குவதை நிறுத்தினோம். இப்போது செத்தவீட்டுச் செய்தியும் கைத்தொலைபேசியில்தான் வருகிறது. வசதிதான், மறுக்கவில்லை.

ஆனால் 2025 மார்ச் 28ஆம் திகதி வர்த்தமானியை எம்மில் எத்தனை பேர் அறிந்தோம்? வடக்கில் 5,940 ஏக்கர் வரையான காணிக்கு உரிமை கோருவோர் மூன்று மாதங்களுக்குள் கோர வேண்டும், தவறினால் அது அரச காணியாகலாம் என்றிருந்தது. உறுதியைப் போரில் தொலைத்த பெண்ணுக்கு மூன்று மாதம் எந்த மூலைக்கு?

எனக்கு அது வட்ஸ்அப்பில் மே மாதம்தான் வந்தது, திகதியுமில்லை, இடமுமில்லை. யாழ்ப்பாணத்தில் மட்டும் மூவாயிரம் ஏக்கருக்கு மேல் என்பதைப் பத்திரிகை வாங்கி வாசித்தே அறிந்தேன். எதிர்ப்பு வலுத்து, வழக்கும் போடப்பட்டு, பின்னர் அந்த அறிவித்தல் மீளப்பெறப்பட்டது.

வர்த்தமானி அரசாங்க அச்சகத் திணைக்கள இணையத்தளத்தில் தமிழிலும் இலவசமாகக் கிடைக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகளைக் கொண்டு பார்ப்பியுங்கள். ஊர்ப்பெயர் கண்டால் பிரதி எடுத்து உறுதியோடு வையுங்கள். உறுதி இல்லாதவர்கள் பழைய வரித்துண்டு, கடிதம் எதையும் எறிய வேண்டாம்.