கோடு நிறைய இருந்தும் பேச்சு ஏன் அறுகிறது?

போனில் சிக்னல் கோடுகள் நிறைந்திருக்கும். ஆனால் எதிர்முனையில் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டே இருப்பார்கள். ஏன்?

டவரிலிருந்து வரும் அலை நம் போனில் எவ்வளவு வலுவாக விழுகிறது என்பதைத்தான் அந்தக் கோடுகள் காட்டுகின்றன. நம் குரல் டவரை எட்டுகிறதா என்பது அவற்றில் தெரியாது. டவர் பல பத்து வாட் திறனில் அலைகளை அனுப்புகிறது. 4ஜி போனின் உச்சத் திறன் பொதுவாக 0.2 வாட்தான். டவரின் ஆன்டெனா நுட்பமாகக் கேட்கக்கூடியது என்பதால் இந்தக் குறை பெருமளவு ஈடுகட்டப்படுகிறது. ஆனாலும் டவரின் எட்டும் எல்லை ஓரத்தில் உள்ள ஊர்களில் முதலில் தோற்பது நம் போனின் குரல்தான். எட்டாத டவரை எட்ட போன் திறனைக் கூட்டுகிறது; பேட்டரியும் சீக்கிரம் தீர்கிறது.

வீட்டுக்குள் நிலைமை இன்னும் மோசம். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 33 செ.மீ.; அது தடைகளை ஓரளவு வளைந்து கடக்கும், சுவரிலும் குறைவாகவே வலுவிழக்கும். 5ஜி பயன்படுத்தும் 3,500 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளமோ 9 செ.மீ.கூட இல்லை. கம்பி கட்டிய கான்கிரீட்டில் அது வெகுவாக நலிகிறது. தகரக் கூரை எந்த அலையையும் திருப்பியடித்துவிடும்.

திருவண்ணாமலை கிரிவலம் போன்ற கூட்டங்களில் காரணம் வேறு: அலை வலுவாகவே இருக்கும், ஆனால் ஒரே டவரின் கொள்ளளவை ஆயிரக்கணக்கானோர் பங்குபோடுகிறார்கள்.

எங்கெங்கே சிக்னல் கிடைக்கும் என்று செல்போன் நிறுவனங்கள் காட்டும் வரைபடங்கள் பெரும்பாலும் கணினிக் கணிப்புகள். வீட்டுக்குள் சிக்னல் எப்படி இருக்கும் என்பதையும் அவர்கள் சொல்லியாக வேண்டும். அதுவரை, வைஃபை வழியே பேசும் 'வைஃபை காலிங்' வசதி போனில் இருந்தால் அதை இயக்கிவிடுங்கள்.