ஐட்லிங்கில் மிஸ்ஸிங்: பொய் சொல்லும் சென்சார்

சாலையில் ஓடும்போது எந்தக் குறையும் இல்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் சீறிக்கொண்டு போகிறது. சிக்னலில் நின்றதும்தான் தொல்லை தொடங்குகிறது. ஸ்டியரிங் நடுங்குகிறது. சைலன்சரில் இடையிடையே 'புஸ்' என்று ஒரு வெற்று மூச்சு. ஆர்.பி.எம். முள் ஒரு கணம் தொங்கி, திரும்ப ஏறுகிறது. கம்பெனி வைத்த கணினியைக் கழற்றிவிட்டு வெளியில் வாங்கிய ஈ.சி.யூ.வைப் பொருத்தியவர்கள் பலர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். மெக்கானிக்குகள் இதை 'ஐட்லிங்கில் மிஸ்ஸிங்' என்பார்கள்.

இந்த வாரம் ஒரே ஒரு காரை வைத்துக்கொண்டு பார்ப்போம். மாஸ்டா மியாட்டா, 1989இல் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான இரண்டு பேர் அமரும் சிறிய கார். அதன் முதல் 1.6 லிட்டர் இன்ஜினில், உள்ளே போகும் காற்றை அளக்க ஒரு கதவு போன்ற தகடு இருந்தது. காற்று அதைத் தள்ளித் திறந்துகொண்டுதான் உள்ளே போக வேண்டும். டர்போ பொருத்த விரும்பியவர்களுக்கு முதல் இடைஞ்சல் அந்தத் தகடுதான். அதைத் தூக்கி எறிய வழி காட்டியது மெகாஸ்குவர்ட். அமெரிக்காவில் புரூஸ் பவுலிங், ஆல் கிரிப்போ இருவரும் வடிவமைத்து, வாங்கியவரே சால்டர் வைத்துப் பொருத்திக்கொள்ளும்படி பரப்பிய ஈ.சி.யூ. அது. காற்றை நேரடியாக அளக்காமல், மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தத்தைப் பார்த்து எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்று கணக்கிடும்.

அமெரிக்காவில் 1996 முதல் விற்ற கார்களின் கணினிகள், மிஸ்ஸிங்கைத் தாமே கண்டுபிடித்தாக வேண்டும் என்பது சட்டம். கிராங்க் சுழலும் வேகம் ஒரு கணம் தளர்வதை வைத்து, எந்த சிலிண்டர் எரியவில்லை என்பதை ஒரு குறியீடாகச் சொல்லிவிடும். நாம் பொருத்தும் ஈ.சி.யூ.க்கள் பலவற்றில் அந்த வசதி இல்லை. பதிவான லாகும், நம் காதும் கையும்தான் துணை.

ஐட்லிங்கில் மட்டும் ஏன்? மியாட்டாவின் ஐட்லிங் வேகம் 850 ஆர்.பி.எம். நான்கு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் என்றால் நிமிடத்துக்கு 1,700 எரிதல்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 35 மில்லிசெகண்ட். ஒன்று தவறினால், அடுத்தது வந்து தூக்கிவிடும்வரை கிராங்க் தளர்கிறது. த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருப்பதால் மேனிஃபோல்டில் 30, 40 கிலோபாஸ்கல் அளவுக்கே அழுத்தம் இருக்கிறது. வெளிக்காற்றில் அது 100. உள்ளே போகும் கலவை குறைவு, போன முறை எரிந்த புகையின் மிச்சமோ அதிகம். எளிதில் தீப்பிடிக்காத கலவை அது. அதனால் பிளக் இடைவெளி மிகக் குறுகலாக இருந்தாலும் ஐட்லிங்கில் தவறும். காயில் பலவீனமாக இருந்தால் நடப்பது வேறு: அழுத்தம் கூடும்போதுதான் பொறி தாண்டுவதற்கு அதிக வோல்டேஜ் தேவைப்படும், ஆகவே முழு ஆக்சிலரேட்டரில்தான் முதலில் திணறும். முழு வேகத்தில் நன்றாக இழுத்து, நின்றால் மட்டும் விக்கும் வண்டிக்குப் புதுக் காயில் வாங்கிப் போடுவது பெரும்பாலும் வீண் செலவு.

இனி, பலரையும் தவறான வழியில் இழுத்துப் போகும் விஷயத்துக்கு வருகிறேன். எக்ஸாஸ்டில் இருக்கும் வைட்பேண்ட் சென்சார் பெட்ரோலை அளப்பதில்லை, ஆக்சிஜனை அளக்கிறது. ஒரு சிலிண்டர் எரியாமல் போனால் அதற்குள் போன காற்று அப்படியே வெளியே வருகிறது. அதிலிருக்கும் ஆக்சிஜனைக் கண்ட சென்சார், 'கலவை லீன், பெட்ரோல் போதவில்லை' என்று சொல்கிறது. அந்த சிலிண்டரில் பெட்ரோல் தேவைக்கு மேலேயே இருந்திருக்கலாம். பிளக் நனைந்துபோய்தான் எரியாமலும் இருந்திருக்கலாம். ஈ.சி.யூ.வுக்கு அது தெரியாது. சென்சார் சொன்னதை நம்பி நான்கு சிலிண்டர்களுக்கும் பெட்ரோலைக் கூட்டுகிறது. வயிறு மந்தமான பிள்ளைக்குப் பசி என்று நினைத்து மேலும் மேலும் ஊட்டுவது போலத்தான். நன்றாக எரிந்துகொண்டிருந்த மூன்றும் இப்போது ரிச் ஆகின்றன, பிளக்குகளில் கரி படிகிறது, மிஸ்ஸிங் கூடுகிறது. சென்சார் இன்னும் லீன் என்றே காட்டுகிறது. லாகைப் பார்ப்பவரும் அந்த எண்ணை நம்பி, லேப்டாப்பில் ஃப்யூல் டேபிளைத் திறந்து எண்களை ஏற்றுகிறார். இப்படி நாள்கணக்கில் டியூனிங் செய்து, நல்ல இன்ஜினைக் கரி அடைய வைத்தவர்கள் இருக்கிறார்கள். மிஸ்ஸிங் இருக்கும்வரை வைட்பேண்ட் காட்டும் எண்ணுக்கு மதிப்பில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஆகவே முதல் வேலை, ஈ.சி.யூ. தானாகச் செய்யும் திருத்தங்களை எல்லாம் நிறுத்துவது. ஆக்சிஜன் சென்சாரை வைத்துச் செய்யும் திருத்தம், ஐட்லிங் வால்வைத் தானே திறந்து மூடுவது, வேகத்தைப் பிடித்து நிறுத்த டைமிங்கை முன்னும் பின்னும் தள்ளுவது, எல்லாமே. இவை ஓடிக்கொண்டிருந்தால், எது நோய், எது நோய்க்கு ஈ.சி.யூ. கொடுக்கும் மருந்து என்று பிரித்தறிய முடியாது. நிறுத்தியதும் இன்ஜின் இன்னும் மோசமாக ஓடலாம். பரவாயில்லை. ஏர் ஸ்குரூவைத் திருப்பி, அணையாமல் நிற்கும் வேகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது டைமிங். மென்பொருளில் டைமிங்கை 10 டிகிரியில் பூட்டிவிட்டு, டைமிங் லைட்டைக் கிராங்க் புல்லியின் மேல் அடித்துப் பாருங்கள். திரையில் 10 என்று இருப்பது ஈ.சி.யூ.வின் நம்பிக்கை மட்டுமே. புல்லியில் தெரிவதுதான் உண்மை. குறி 10இல் அசையாமல் நின்றால் நிம்மதி. வேறு இடத்தில் நின்றால் ஆஃப்செட்டைத் திருத்தலாம். குறி தாவித் தாவி அலைந்தால், கோளாறு ட்ரிகரில், அதாவது கிராங்க் எந்த நிலையில் இருக்கிறது என்று ஈ.சி.யூ.வுக்குச் சொல்லும் சென்சாரில். மியாட்டாவில் இந்த சென்சார் சிலிண்டர் ஹெட்டின் பின்புறம், கேம் ஷாஃப்டின் முனையில் உட்கார்ந்திருக்கிறது. கிராங்கிலிருந்து டைமிங் பெல்ட் வழியாகத்தான் அசைவு அங்கே போய்ச் சேர வேண்டும். பெல்டின் அதிர்வு முழுவதும் டைமிங்கில் தெரியும். பலர் கிராங்க் புல்லியிலேயே பல் சக்கரம் பொருத்துவதற்குக் காரணம் இதுதான். சென்சார் வயர் காயில் வயருடன் ஒட்டிப் போனாலும், அதன் ஷீல்டு இரண்டு முனைகளிலும் எர்த் ஆகியிருந்தாலும், இல்லாத பல்லை இருப்பதாக ஈ.சி.யூ. எண்ணிவிடக்கூடும். டூத் லாக் எடுத்தால் ஒவ்வொரு பல்லுக்கும் ஆன நேரம் கோடு கோடாகத் தெரியும். நடுவில் ஒரு கோடு மட்டும் குட்டையாக இருந்தால் அது இரைச்சல்.

டைமிங் சரி என்று தெரிந்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி: தவறுவது எப்போதும் ஒரே சிலிண்டரா, மாறி மாறியா? இன்ஜின் ஓடும்போது பிளக் வயரை உருவிப் பார்க்கும் பழைய வழக்கம் இதில் வேண்டாம், காயிலும் இக்னைட்டரும் வீணாகலாம். இன்ஜெக்டர் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். நல்ல சிலிண்டர் என்றால் ஆர்.பி.எம். சட்டென்று இறங்கும். எதைக் கழற்றியும் வேகம் இறங்கவில்லையோ, அதுதான் நோயாளி. அதன் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுங்கள், பிறகு வயரை, பிறகு இன்ஜெக்டரை. எதனுடன் மிஸ்ஸிங்கும் சேர்ந்து போகிறதோ அது பழுது. எதனுடனும் போகாவிட்டால் கம்ப்ரஷன் பார்த்துவிடுங்கள். மியாட்டாவில் ஒரு காயில் 1, 4 இரண்டுக்கும், இன்னொன்று 2, 3 இரண்டுக்கும் பொறி தருகிறது. 1, 4 சேர்ந்தே தவறினால் காயிலையோ அதன் வயரிங்கையோ சந்தேகிக்கலாம்.

வேக்கம் லீக் பற்றி ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. பழைய தகடு முறையில், தகட்டைத் தாண்டி நுழைந்த காற்று கணக்கில் வராது, கலவை லீன் ஆகிவிடும். அழுத்தத்தைப் பார்க்கும் ஈ.சி.யூ.வில் அப்படி அல்ல. பொதுவான இடத்தில் லீக் இருந்தால் மேனிஃபோல்டு அழுத்தம் கூடும், அதற்கேற்ப பெட்ரோலும் கூடும், ஐட்லிங் வேகம்தான் ஏறும். ஒரே ஒரு ரன்னரின் கேஸ்கெட்டிலோ இன்ஜெக்டர் அடி ரப்பரிலோ லீக் இருந்தால் மட்டும், அந்த ஒரு சிலிண்டர் லீன் ஆகித் தவறும். எனவே மெகாஸ்குவர்ட் வண்டியில் லீக்கைத் தேடுபவர், தவறும் சிலிண்டரின் வாசலிலிருந்தே தேடத் தொடங்கலாம்.

தவறுவது மாறி மாறி என்றால் எனக்கு முதல் சந்தேகம் இன்ஜெக்டர் அமைப்புகள் மீதுதான். டர்போவுக்காகப் பெரிய இன்ஜெக்டர் போட்டவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். நிமிடத்துக்கு 550 சி.சி. தரும் இன்ஜெக்டர், இந்த இன்ஜினின் ஐட்லிங்கில் ஒரு எரிதலுக்குத் திறந்திருக்க வேண்டிய நேரம் ஏறத்தாழ 1 மில்லிசெகண்ட்தான். அதை இரண்டு தவணையாகப் பீய்ச்சும்படி அமைத்திருந்தால், தவணைக்கு அரை மில்லிசெகண்ட். அவ்வளவு குறுகிய நேரத்தில் பல இன்ஜெக்டர்கள் ஒரே அளவாகத் தெளிப்பதில்லை. ஒரே தவணையாக மாற்றினாலே சில வண்டிகள் அமைதியாகிவிடும். இன்னொன்று டெட் டைம்: மின்சாரம் வந்ததிலிருந்து இன்ஜெக்டர் உண்மையில் திறக்கும்வரை வீணாகும் நேரம். அதுவும் 1 மில்லிசெகண்ட் அளவுதான், ஆனால் பேட்டரி வோல்டேஜ் இறங்க இறங்க நீளும். ரேடியேட்டர் ஃபேன் ஓடி 14 வோல்ட் 12.5 ஆனால், 0.2 மில்லிசெகண்ட் கூடுவது சாதாரணம். மொத்தம் 1 மில்லிசெகண்ட் பெட்ரோலில் 0.2 போனால் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. ஃபேன் ஓடும்போது மட்டும் விக்கும் வண்டிக்கு, அந்த இன்ஜெக்டருக்கான வோல்டேஜ் திருத்த அட்டவணையைச் சரியாக நிரப்புவதே வைத்தியம்.

இத்தனைக்கும் பிறகுதான் ஃப்யூல் டேபிள். மிஸ்ஸிங் நின்றிருப்பதால் வைட்பேண்ட் சொல்வதை இப்போது நம்பலாம். மாற்றாத கேம் ஷாஃப்ட் என்றால், காற்றுக்கும் பெட்ரோலுக்குமான விகிதம் 14.7 பக்கத்தில் இருக்கும்போது இன்ஜின் நிம்மதியாக நிற்கும். ஓவர்லேப் அதிகமான கேம் என்றால் இன்னும் கொஞ்சம் ரிச் கேட்கும். ஐட்லிங் கட்டத்தை மட்டும் சரிசெய்துவிட்டுச் சுற்றியுள்ள கட்டங்களை அப்படியே விடாதீர்கள், வேகம் சற்று இறங்கினாலே இன்ஜின் பக்கத்துக் கட்டத்துக்குள் விழுந்துவிடும். பிறகு நிறுத்தி வைத்த திருத்தங்களை ஒவ்வொன்றாகத் திறக்கலாம். முதலில் டைமிங் திருத்தம், அடுத்து ஐட்லிங் வால்வு, கடைசியாக ஆக்சிஜன் சென்சார், அதுவும் சிறிய வரம்புக்குள். ஒவ்வொன்றையும் திறந்ததும் ஹெட்லைட், ஃபேன், ஏ.சி. எல்லாவற்றையும் போட்டு ஒரு லாக் எடுத்துக்கொள்ளுங்கள். எதைத் திறந்த பிறகு ஆர்.பி.எம். கோடு ஆடத் தொடங்குகிறதோ, அதன் அமைப்பில்தான் இன்னும் வேலை பாக்கி.

(தொடரும்)