இடிந்த ஆலயமும் எஞ்சிய மணியும்



புனித சவேரியாரின் திருவுடல் 2024 நவம்பர் முதல் 2025 சனவரி வரை பழைய கோவாவில் மக்கள் வணக்கத்திற்கு வைக்கப்பட்டிருந்தபோது, ஆயக்குடியிலிருந்து நாம் சிலர் குடும்பமாகத் திருயாத்திரை சென்றோம். தரிசனம் முடிந்தபின், அருகிலுள்ள ‘திருமலை’ என்னும் குன்றின்மேல் ஏறினோம். அங்கே, பாதி இடிந்த நிலையில், ஒற்றைக் கோபுரம் வானை நோக்கி நின்றது.

புனித அகுஸ்தீனார் சபைத் துறவியர் 1572-இல் கோவா வந்து, இக்குன்றில் தம் மடத்தை நிறுவினர். 1597-இல் தொடங்கி 1602-இல் நிறைவுற்ற மடத்து ஆலயத்தை அருள்நிறை அன்னைக்கு அர்ப்பணித்தனர். நாம் கண்ட கோபுரம் செம்புறாங்கல்லால் எழுப்பப்பட்டது, நான்கு அடுக்குகள், உயரம் ஏறத்தாழ 46 மீட்டர். உள்ளே எட்டுச் சிற்றாலயங்களும் பல பீடங்களும் இருந்தன. சுவர்களில் நீலமும் வெண்மையும் மஞ்சளும் ஒளிரும் மெருகு ஓடுகள் பதிக்கப்பட்டிருந்தன. அவற்றின் துண்டுகள் சுவர்களில் இன்றும் ஒட்டியுள்ளன. தரையிலோ எழுத்துப் பொறித்த கல்லறைக் கற்கள். நாம் அவற்றின்மேல் காலடி படாமல் ஒதுங்கி நடந்தோம்.

இத்துணைப் பெருமை எவ்வாறு அழிந்தது? 1835-இல் போர்த்துக்கேய அரசு துறவற சபைகளை வெளியேற்றியது. மடம் ஆளின்றிப் போயிற்று. செம்புறாங்கல் நீரை உறிஞ்சும் கல். சுண்ணாம்புப் பூச்சே அதற்குக் கவசம். ஆண்டுதோறும் பூசிக் காக்கும் கைகள் இல்லாத கட்டடம் கோவாவின் பெருமழையை எத்தனை காலம் தாங்கும்? 1842-இல் மேல்வளைவு சரிந்தது. 1931-இல் முகப்பும் கோபுரத்தின் ஒரு பகுதியும் வீழ்ந்தன.

எனினும் இரண்டு பொருள்கள் தப்பின. ஒன்று, கோபுரத்தின் மணி. ஏறத்தாழ 2,250 கிலோ எடையுள்ள அது, சில காலம் அகுவாதா கோட்டைக் கலங்கரை விளக்கத்தில் இருந்து, 1871-இல் பனாஜி அமலோற்பவ அன்னை ஆலயத்தைச் சேர்ந்தது. இன்றும் அவ்வாலய முகப்பில் அதனைக் காணலாம். பயன்படுத்தப்பட்டமையால் அது பிழைத்தது.

மற்றொன்று, வேதசாட்சியான ஜார்ஜிய நாட்டு அரசி கேத்தவானின் திருப்பண்டம். விசுவாசத்தை மறுதலிக்க இசையாத அவ்வரசியைப் பாரசீக மன்னர் முதலாம் ஷா அப்பாஸ் 1624-இல் ஷிராஸ் நகரில் கொல்வித்தார். அகுஸ்தீனார் சபைத் துறவியர் அவருடைய எலும்புகளில் ஒரு பகுதியைக் கோவாவுக்குக் கொணர்ந்து, மடத்தின் சிற்றாலயம் ஒன்றில், சாளரத்தருகே கற்பேழையில் வைத்து, அவ்விடத்தை ஏட்டில் குறித்தும் வைத்தனர். அக்குறிப்பைத் துணையாகக் கொண்டே நம் தொல்லியல் துறையினர் இடிபாடுகளிடையே எலும்பைத் தேடிக் கண்டனர். ஐதராபாத் அறிவியலாளரின் மரபணு ஆய்வு அதற்கு வலுச்சேர்த்தது. 2021 சூலையில் அத்திருப்பண்டத்தின் ஒரு பகுதியை இந்திய அரசு ஜார்ஜிய நாட்டிற்கு வழங்கியது. எழுதி வைக்கப்பட்டமையால் அதுவும் பிழைத்தது.

குன்றிலிருந்து இறங்குகையில் நம்முடன் வந்த மூதாட்டி ஒருவர், “நம்ம ஊர்க் கோவிலிலே பழைய மரப்பீடத்தைக் கழற்றிப் போட்டாங்களே, அது எங்கே போச்சு?” என்று கேட்டார். நம்மில் எவராலும் விடை கூற இயலவில்லை.

வாசகர்களே, புதுப்பிப்பது தவறன்று. ஆயினும் பழைய மணி, பீடம், சுரூபம், திருப்பாத்திரம் ஆகியவற்றைக் கழற்றுமுன், அதனை அளித்தவர் யார், எந்த ஆண்டு, இனி எங்கே வைக்கப்படும் என்பதைப் பங்கின் ஏட்டில் நான்கு வரி எழுதிவைப்போம். முடிந்தால் அதனை வேறொரு சிற்றாலயத்தில் பயன்படச் செய்வோம். கல்லால் கட்டிய நெடுங்கோபுரம் சரிந்தது. ஏட்டில் எழுதிய சிறு குறிப்போ நானூறு ஆண்டுகள் நிலைத்தது. அதனை நம் பிள்ளைகளுக்கும் சொல்லிவைப்போமாக!