விரலளவு நாற்காலிக்கு எத்தனை பூச்சு?

பெரம்பலூர் மாவட்டத்தில் பச்சைமலையை ஒட்டி அமைந்தது அரும்பாவூர். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற அரும்பாவூர் மரச்சிற்பங்கள் வாகை, மா, வேம்பு முதலிய மரங்களில், பெரும்பாலும் ஒரே துண்டிலிருந்து உளியால் செதுக்கப்படுபவை. அவற்றின் அழகு மரத்தின் இயல்பான நிறத்திலும் செதுக்கின் கூர்மையிலும் தங்கியிருக்கிறது. தாமிரபரணிக் கரையின் அம்பாசமுத்திரத்தில் செய்யப்படும் செப்புச் சாமான்களோ, அதாவது குழந்தைகள் வீடு கட்டி விளையாடும் சின்னஞ்சிறு அம்மி, உரல், திருகை முதலியனவோ, கடைசல் பட்டறையில் பிறந்து அரக்கின் பளபளப்பால் அடையாளம் பெறுபவை. கொலுப்படியிலோ கண்ணாடி அலமாரியிலோ வைப்பதற்காகக் கையால் செய்யப்படும் சிறு கட்டில், நாற்காலி, பீரோ ஆகியவை இவ்விரண்டு மரபுகளுக்கும் இடைப்பட்டவை என்பதால், அவற்றின் நிறமும் மெருகும் எந்த வழியில் அமைய வேண்டும் என்பது தனியே ஆராயத்தக்கதாகிறது.

உருவத்தைச் சுருக்கலாம், மரத்தைச் சுருக்க முடியாது என்பதே இவ்வேலையின் அடிப்படைச் சிக்கல். பொம்மை வீட்டுத் தளவாடங்களில் ஓர் அடியை ஓர் அங்குலமாகக் குறைக்கும் அளவு உலகெங்கும் நிலைபெற்றுள்ளது. புதுதில்லியை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸ் 1921 முதல் 1924 வரையிலான ஆண்டுகளில் இங்கிலாந்து அரசி மேரிக்காக உருவாக்கி, இன்று வின்ட்சர் கோட்டையில் காணப்படும் பொம்மை மாளிகையும் இதே அளவிலானது. தேக்கு உயிரோடிருந்தபோது நீர் ஏறிய குழாய்களின் வாய்கள், அறுத்த பலகையில் கால் மில்லிமீட்டர் அகலம் வரை நுண்துளைகளாகத் தெரியும். முழு மேசையில் அழகிய ரேகையாக அமையும் இத்துளை, பன்னிரண்டில் ஒரு பங்கு மேசையில் 3 மில்லிமீட்டர் பள்ளத்துக்குச் சமம். பூச்சின் கணக்கும் அவ்வாறே: மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு தடிப்பில் படியும் வார்னிஷ், சிறு நாற்காலியின் விளிம்புகளை மழுக்கி, அதைப் பாகில் தோய்த்தெடுத்த பண்டம்போல் ஆக்கிவிடும். ஆகவே தேக்கே உயர்ந்தது என்ற பொது நம்பிக்கையை இங்கே கைவிட்டு, வெட்பாலை, மஞ்சள் கடம்பு போன்ற நெருங்கிய இழை கொண்ட மரங்களை நாடுவதே முறை. கர்நாடகத்துச் சென்னபட்டணத்துக் கடைசல்காரர்களும் ஆந்திரத்து எட்டிகொப்பாக்காவினரும் தங்கள் பொம்மைகளுக்கு வெட்பாலையையே கொண்டனர்.

நிறமேற்றுவதற்கு முன், 220-ஆம் எண்ணிலிருந்து 400 வரை உப்புத்தாளால் படிப்படியாகத் தேய்த்து, ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, அதனால் எழுந்து நிற்கும் இழைகளை உலர்ந்தபின் மீண்டும் தேய்த்துவிட வேண்டும். இல்லாவிடில் அவை சாயம் பட்டவுடன் சொரசொரப்பாக எழும். பசை பட்ட இடத்தில் சாயம் ஏறாது என்பதால், முழு அளவுத் தளவாடத்தில் பூட்டியபின் நிறமேற்றும் தச்சரின் வழக்கத்தை இங்கே தலைகீழாக்கி, உறுப்புகளைத் தனித்தனியே நிறமேற்றியபின் ஒட்டுவதே பிழையற்ற வழி. குறுக்கே அறுபட்ட முனைகள் சாயத்தை மிகுதியாகக் குடித்துக் கறுத்துவிடும். அவற்றின்மேல் மட்டும் முன்கூட்டியே மிக நீர்த்த அரக்குக் கரைசலைத் தடவினால் நிறம் சமப்படும்.

நிறம் தருபவை இருவகை. காவி போன்ற பொடிகள் கரையாமல் துளைகளில் போய்த் தங்குகின்றன. சாயங்கள் கரைந்து இழைக்குள் இறங்குகின்றன. மறைக்க வேண்டிய துளையைப் பொடி அழுத்திக் காட்டிவிடுவதால் சிறு தளவாடத்துக்குச் சாயமே ஏற்றது. மரத்திலேயே நிறம் விளையச் செய்யும் மூன்றாவது வழியும் உண்டு: கடுக்காய் நீரைத் தடவிக் காயவைத்து, துருப்பிடித்த ஆணிகளைச் சில நாள் காடியில் ஊறவைத்த நீரை அதன்மேல் பூசினால், கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் கூடி வெளிறிய மாமரமும் கருங்காலிபோல் கறுக்கும். அரியலூர் மாவட்டத்து உடையார்பாளையம் வட்டாரமும் அறிந்த கருப்பூர்க் கலம்காரியில் துணிமேல் கருங்கோடு எழுவதும் இதே வேதியியலால்தான். கடையில் வாங்கும் கறுப்புச் சாயத்தைவிட இதுவே மேலானது. நிறம் மேலே படியாமல் மரத்தோடு ஒன்றிவிடுவதால் ரேகையின் நுட்பம் மறைவதில்லை.

மெருகுக்கு அவலரக்கே போதும். அரக்குப் பூச்சி மரக்கிளைகளில் சுரக்கும் பிசினை உருக்கி, அவல்போல் மெல்லிய சில்லுகளாக்கியதே அவலரக்கு. இந்தப் பூச்சியை ஆராய ராஞ்சிக்கு அருகில் 1924-லேயே ஒரு நிறுவனம் தோன்றியது. 100 மில்லி ஸ்பிரிட்டுக்கு 12 கிராம் சில்லு என்ற நீர்த்த கரைசலைப் பஞ்சு பொதிந்த துணியில் தொட்டு மூன்று நான்கு முறை மெல்ல இழுத்தால், படலம் கண்ணுக்குத் தெரியாமல் ஒளி மட்டும் தெரியும். கரைசலை ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அது காயாமல் பிசுபிசுக்கும் என்பதால் வேண்டிய அளவே கரைக்க வேண்டும். மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் மேற்பூச்சாகப் பயன்படும் பொருள் இது என்பது, குழந்தைகள் வாயில் வைக்கக்கூடிய பண்டத்துக்குக் கூடுதல் தகுதி.

கடைசலில் சுழலும் பொருளின்மேல் நிறம் கலந்த அரக்குக் குச்சியை அழுத்தி, உராய்வின் சூட்டிலேயே உருகிப் படியச்செய்து, தாழை மடலால் தேய்த்து மெருகேற்றும் முறை அழகில் குறைந்ததன்று. ஆனால் சுழலாத பலகைக்கும் சதுரக் காலுக்கும் அது பொருந்தாது. தவிர, அந்தக் கண்ணைப் பறிக்கும் பளபளப்பு விளையாட்டுச் சாமானுக்கு உரியது. உண்மை நாற்காலியின் சாயலைத் தேடும் சிறு நாற்காலிக்கு அரும்பாவூரின் அடக்கமே உரிய இலக்கணம்.

இனி பருவம். ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால், ஐப்பசி, கார்த்திகை மழைநாட்களில் தடவிய அவலரக்கு வெள்ளையாகப் பூத்துவிடும். அவ்வாறு பூத்ததை உப்புத்தாளால் சுரண்ட வேண்டியதில்லை. வெயில் அடித்த ஒரு நாளில், வெறும் ஸ்பிரிட்டை மிகக் குறைவாகத் தொட்ட துணியால் ஒருமுறை மேலோட்டமாகத் துடைத்தால் பெரும்பாலும் அது மறைந்துவிடும்.